அண்ணனுக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

உங்கள் அண்ணனுக்கு 18 வயது நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீடு கூடங்குளத்தில், வேலை கிடைத்திருப்பதோ வள்ளியூரில். தினமும் இராதாபுரம் வழியாகப் போய்வர வேண்டும். பேருந்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று வீட்டில் முடிவாகிறது. முடிவானதும் விவாதமும் தொடங்கிவிடும்.

"எலே, முதல் வண்டிக்கு ஒரு டி.வி.எஸ். போதும்லா" என்கிறார் அப்பா. அண்ணனுக்கோ 350 சி.சி. புல்லட்டின் மேல்தான் கண். அவனுடைய நண்பன் கைபேசியில் ஒரு பந்தய வகை வண்டியின் படத்தைக் காட்டி, "வாங்கினா இதை வாங்கு" என்கிறான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி மட்டும் வண்டியின் பெயர் எதையும் சொல்லவில்லை. "எதை வேணும்னாலும் வாங்குங்க. போன பிள்ளை பொழுது சாய முழுசா வீடு வந்து சேரணும்" என்கிறார்.

இந்த நால்வரில் யார் சொல்வது சரி? இது விருப்பத்தை மட்டும் பொறுத்த கேள்வி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இதன் பெரும்பகுதி நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல்தான். ஓர் அளவுநாடா, ஒரு பேனா, கொஞ்சம் கணக்கு இருந்தால் அண்ணனுக்கு நீங்களே ஆலோசகர் ஆகிவிடலாம்.

இரண்டு தமிழ்நாட்டு வண்டிகள்

அப்பா சொல்லும் வண்டிக்கும் அண்ணன் சொல்லும் வண்டிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே தமிழ்நாட்டில் வளர்ந்தவை.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு அது சென்னை வண்டியாயிற்று. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னும் சென்னையில் அது தொடர்ந்து தயாரானது.

டி.வி.எஸ். என்னும் மூன்று எழுத்துகளுக்கும் நெல்லைச் சீமைக்கும் நெருங்கிய உறவு உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ஆம் ஆண்டில் திருக்குறுங்குடியில் பிறந்தவர். கூடங்குளத்திலிருந்து வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. அவர் 1911-இல் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த தொழிற்சாலை ஒன்று ஓசூரிலிருந்து 1980-இல் வெளியிட்டதுதான் டி.வி.எஸ். 50. இருவர் ஏறிச் செல்லத்தக்க இந்த மொபெட், மீன்கூடை முதல் தண்ணீர்க்குடம் வரை எதையும் சுமந்தது. சைக்கிளிலிருந்து மோட்டாருக்கு மாறிய எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் வண்டி.

ஆனால் ஊர்ப்பாசத்தை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது. எண்களைப் பார்ப்போம்.

சி.சி. என்றால் என்ன?

கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் சொல் சி.சி. அது கன சென்டிமீட்டர் என்பதன் சுருக்கம். எஞ்சினின் உள்ளே ஒரு சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டன் ஒரு முறை ஓடும்போது கடக்கும் இடத்தின் கனஅளவுதான் சி.சி. உருளையின் கனஅளவுக்கு நீங்கள் படித்த வாய்பாடே இதற்கும் போதும்: பை, ஆரத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும்.

நாட்டில் மிகப் பரவலாக ஓடும் ஸ்பிளெண்டர் வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: 97.2 கன சென்டிமீட்டர் வரும். இதைத்தான் கடைக்காரர் '100 சி.சி.' என்கிறார். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியில் விட்டம் 72 மில்லிமீட்டர், ஓட்டம் 85.8 மில்லிமீட்டர். விடை ஏறக்குறைய 349 கன சென்டிமீட்டர்.

சி.சி. மிகுந்தால் ஒவ்வொரு முறையும் மிகுதியான காற்றும் பெட்ரோலும் உள்ளே செல்லும், ஆற்றலும் கூடும். ஆனால் சி.சி. மட்டுமே ஒரு வண்டியின் குணத்தைக் காட்டிவிடாது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதும் முக்கியம். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. புல்லட் வகை எஞ்சின் நிதானமாகச் சுழலும், முறுக்குவிசையால் இழுக்கும். பந்தய வகை எஞ்சின் அதைவிட மிக வேகமாகச் சுழலும்; ஆகவே ஏறக்குறைய அதே சி.சி.யில் இரு மடங்கு திறனைத் தரும்.

ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்?

எனவே அண்ணன் பார்க்க வேண்டிய எண் வேறு. வண்டியின் திறனை, வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். அண்ணனின் எடை 60 கிலோ என்று கொள்வோம்.

100 சி.சி. வண்டியின் திறன் சுமார் 6 கிலோவாட். எடை சுமார் 112 கிலோ. அண்ணனையும் சேர்த்தால் 172 கிலோ. ஒரு கிலோவுக்குச் சுமார் 35 வாட் கிடைக்கிறது.

350 சி.சி. வண்டி சுமார் 15 கிலோவாட். எடை 195 கிலோ. இங்கே ஒரு கிலோவுக்குச் சுமார் 59 வாட்.

நண்பன் காட்டிய பந்தய வகை வண்டியின் திறன் 30 கிலோவாட்டுக்கு மேல். எடையோ 165 கிலோ அளவில்தான். ஒரு கிலோவுக்கு 130 வாட்டுக்கும் அதிகம்! 100 சி.சி. வண்டியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 2014 டிசம்பரிலும் இரண்டாம் அலகு 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஒவ்வொன்றின் திறனும் 1000 மெகாவாட். 6 கிலோவாட் மோட்டார் சைக்கிள்கள் 1,66,000-க்கு மேல் முழுத்திறனில் ஓடினால்தான் ஓர் அலகுக்கு ஈடாகும். அந்த அலகோடு ஒப்பிட்டால் 6 கிலோவாட் ஒரு துளிதான். ஆனால் 1885-ஆம் ஆண்டு ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் செய்த முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளின் திறன் வெறும் அரைக் குதிரைத்திறன், அதாவது 0.4 கிலோவாட்டுக்கும் குறைவு. அதை அவருடைய பதின்வயது மகன் பால் ஓட்டிப் பார்த்தார். வண்டி கவிழாமலிருக்க இரு பக்கமும் இரண்டு சிறு சக்கரங்கள் வேறு பொருத்தியிருந்தார்கள். உலகின் முதல் ஓட்டுநருக்கே 'பழகும் வண்டி'தான் கொடுக்கப்பட்டது!

திறன் மிகுந்தால் என்ன கெடுதல் என்று அண்ணன் கேட்கலாம். 'நிதானமாகத் திருகினால் போகிறது' என்பான். இங்கேதான் நிலைமம் குறுக்கே வருகிறது. நிற்கும் பேருந்து சட்டென்று கிளம்பினால் நம் உடல் பின்னோக்கிச் சாய்கிறதல்லவா? அதேபோல, பழகாதவர் ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூடுதலாகத் திருகிவிட்டால் வண்டி முன்னால் பாய்கிறது; உடல் பின்னால் சாய்கிறது. கைப்பிடியைப் பற்றியிருக்கும் கையும் உடலோடு பின்னால் இழுபட, ஆக்சிலரேட்டர் தானாகவே இன்னும் திருகிக்கொள்கிறது. வண்டி மேலும் பாய்கிறது. தவறு தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் சுழல் இது. கிலோவுக்கு 35 வாட் வண்டியில் இந்தச் சுழல் மெதுவாக நடக்கும். கையை எடுக்க நேரம் இருக்கும். 130 வாட் வண்டியில் அந்த நேரம் இராது.

சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்

அடுத்தது எடை. ஓடும்போது எடை தெரியாது. நிற்கும்போதும் திருப்பும்போதும்தான் தெரியும். புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. வீட்டு வாசலில், கடைத்தெருவில், மண் பாதையில் திருப்பும்போதுதான்.

நேராக நிற்கும் வண்டியை ஒரு விரலால் தாங்கலாம். சாயத் தொடங்கினால் கதை மாறும். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உள்ளது என்றும், கைப்பிடியை 90 சென்டிமீட்டர் உயரத்தில் பிடிக்கிறோம் என்றும் கொள்வோம். திருப்புத்திறன் கணக்குப்படி, 112 கிலோ வண்டி 10 பாகை சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க ஏறக்குறைய 11 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 20 பாகை சாய்ந்தால் 21 கிலோ. 195 கிலோ வண்டிக்கோ இவை 19 கிலோவும் 37 கிலோவும். 37 கிலோ என்பது முக்கால் சிமெண்டு மூட்டை. அதை வண்டியின் ஒரு பக்கமாக நின்றுகொண்டு, கையை நீட்டித் தாங்க முடியுமா என்பதை அண்ணன் யோசிக்கட்டும்.

இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது இருக்கையின் உயரம். சிக்னலிலோ, ஆடு குறுக்கே வந்தாலோ வண்டி நிற்கும்போது நம் கால்தான் மூன்றாவது சக்கரம். அண்ணனைக் காலணியுடன் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். இரு கால்களுக்கும் நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே நெருக்கிப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். கடையில் வண்டியின் இருக்கை உயரத்தைக் கேளுங்கள். ஸ்பிளெண்டர் 785 மில்லிமீட்டர். கிளாசிக் 350-இல் 805 மில்லிமீட்டர். இரு எண்களையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஏறி உட்கார்ந்தே பார்க்க வேண்டும். இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் எட்டாமல் போகும். இரண்டு முன்பாதங்களும் ஒருசேரத் தரையில் உறுதியாகப் படிய வேண்டும். கட்டைவிரல் மட்டும் தொட்டால் அது முதல் வண்டி அல்ல.

ஆனால் காற்று வேறு சொல்கிறதே!

இதுவரை படித்ததும், 'அப்படியானால் அப்பா சொன்னதுதான் சரி, எடை குறைந்ததே நல்லது' என்று முடிவுகட்டியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். நாம் இருப்பது கூடங்குளத்தில்.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பாய்ந்து வருகிறது. முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, இராதாபுரம் பகுதிகளில் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். மின்சாரம் தரும் அதே காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளவும் செய்கிறது.

எவ்வளவு தள்ளும்? காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் பரப்பைக் காட்டினால், ஏறக்குறைய 135 நியூட்டன் விசை பக்கவாட்டில் தாக்கும். இதற்கு ஈடுகொடுக்க, வண்டியைக் காற்று வரும் திசையில் சாய்த்து ஓட்ட வேண்டும். 88 கிலோ மொபெட்டில் 5 பாகைக்குச் சற்று மேல். 112 கிலோ வண்டியில் நாலரைப் பாகை. 195 கிலோ வண்டியில் 3 பாகை. ஆக, காற்றைப் பொறுத்தவரை எடை நண்பன்தான். புல்லட் ஓட்டுபவர்கள் 'வண்டி அசையாது' என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

சாய்வைவிடக் காற்றின் மாற்றமே ஆபத்தானது. காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி காற்றை மறைத்துக்கொண்டு கடக்கும். காற்று சட்டென்று நிற்கும்; சாய்ந்த வண்டி அந்தப் பக்கமே இழுபடும். லாரி போனதும் காற்று மறுபடி அறையும். வண்டியின் வேகம் கூடக்கூடப் பக்கக் காற்றின் தள்ளலும் கூடுகிறது. எனவே ஆடி மாதத்தில் வேகத்தைக் குறைப்பது எந்த எடை வண்டிக்கும் மருந்து. எடையைக் கூட்டிக் கிடைக்கும் நன்மையை வேகத்தைக் குறைத்தும் பெறலாம். வாசலில் சாயும் 195 கிலோவைத் தாங்க அப்படி வேறு வழி கிடையாது.

ஓடுவது பெரிதல்ல, நிற்பதே பெரிது

கடையில் எல்லோரும் கேட்பது, 'எவ்வளவு வேகம் போகும்?' கேட்க வேண்டியது, 'எவ்வளவு தூரத்தில் நிற்கும்?'

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இதை மனத்தில் பதிக்க ஒரு வழி: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டரில் அது 14 மீட்டர். ஒரு பனைமரத்தின் உயரம். 80 கிலோமீட்டரிலோ 25 மீட்டர். மிக உயர்ந்து வளர்ந்த பனையின் உச்சி.

பனையேறிகள் பல ஆண்டு பழகி, காலில் தளைநார் பூட்டி, ஒவ்வோர் அடியாக ஏறுவார்கள். நாமோ மணிக்கட்டைத் திருகிச் சில நொடிகளில் அந்த உயரத்துக்குப் போய்விடுகிறோம்!

இப்போது நிற்கும் தூரம். ஓர் ஆடு குறுக்கே வருகிறது. அதைக் கண்டு, மூளை முடிவெடுத்து, கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்போம். அந்த ஒரு நொடியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். பிறகு புதிதாக ஓட்டுபவர் நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் இன்னும் 12 மீட்டர். மொத்தம் 23 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் இவை 22 மீட்டரும் 49 மீட்டரும். மொத்தம் 71 மீட்டர்.

இது காய்ந்த, சுத்தமான தார்ச்சாலைக் கணக்கு. குட்டம், உவரிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், தேரி மணலைக் காற்று வாரிக்கொண்டு வந்து சாலையில் தூவியிருக்கும். சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவே அந்த மணல் உருளைகளைப்போல் உருளுகிறது. உராய்வு வெகுவாகக் குறைகிறது. அங்கே பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுழல்வது நின்று சறுக்கும். சறுக்கும் சக்கரத்தால் திரும்பவும் முடியாது, நிமிர்ந்து நிற்கவும் முடியாது.

ஆகவே பிரேக்கைப் பற்றிக் கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கிறதா? பிரேக் போட்டதும் நாம் முன்னால் சாய்வதுபோல வண்டியின் எடையும் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. நாம் மேலே கொண்ட வேகக்குறைப்பில், எடையில் சுமார் முக்கால் பங்கை முன் சக்கரமே தாங்கும். எனவே முன் பிரேக்குக்குத்தான் வலிமை அதிகம். 'முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்' என்று ஊரில் சொல்வது பாதி உண்மை. மணலிலும் வளைவிலும் சட்டென்று பிடித்தால்தான் ஆபத்து; நேரான சாலையில் படிப்படியாக அழுத்தினால் அதுவே காப்பாற்றும்.

இரண்டாவது, ஏ.பி.எஸ். இருக்கிறதா? சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை ஓர் உணர்வி கண்டறிந்து, பிரேக்கை ஒரு நொடிக்குள் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கச் செய்யும் கருவி அது.

மூன்றாவது, ஏ.பி.எஸ். இல்லையென்றால் சி.பி.எஸ். ஆவது உண்டா? ஒரு பிரேக்கை அழுத்தினாலே இரண்டு சக்கரங்களிலும் பிடிப்பு ஏற்படும் அமைப்பு இது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு உட்பட்டவற்றுக்குக் குறைந்தது சி.பி.எஸ். ஆவது இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதற்கு முன் செய்யப்பட்ட பழைய வண்டியை வாங்குவதானால் இதை மறந்துவிடக் கூடாது.

பழைய வண்டி வாங்கலாமா?

வாங்கலாம். பழகும் காலத்தில் வண்டி ஓரிரு முறை கீழே விழத்தான் செய்யும். பழைய வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் மனம் அவ்வளவு நோகாது. ஆனால் கடற்கரை ஊர் வண்டியைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். இடிந்தகரை, பெருமணல் போன்ற ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பு கலந்த ஈரம் மின்பகு திரவம்போல் நடந்துகொண்டு இரும்பை விரைவாகத் துருப்பிடிக்கச் செய்யும். சக்கரக் கம்பிகளின் அடி, சைலன்சரின் அடிப்பாகம், சங்கிலி, பிரேக் கேபிளின் முனை ஆகியவற்றைப் பாருங்கள். பெயிண்ட் புதிதாகவும் கம்பி துருவாகவும் இருந்தால் எச்சரிக்கை!

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பொத்தான் தேயாமலிருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதை அப்பாவிடம் விட்டுவிடுங்கள்.

ஐந்து மாதங்கள்

1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகாதவர்கள். மிகப் பெரும்பாலோர் முறையான பயிற்சி இல்லாமல் தாமாகவோ நண்பர், உறவினரிடமோ கற்றவர்கள்.

நம் நாட்டு நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே மிகுதியான விபத்துகள், 64,105, பதிவானது தமிழ்நாட்டில்தான்.

அணுமின் நிலையத்தில் பாதுகாப்பை ஒரே அரணில் விட்டுவிடுவதில்லை. ஒன்று தவறினால் அடுத்தது தாங்கும்படி அடுக்கடுக்காக அமைப்பார்கள். அண்ணனுக்கும் அதே முறைதான்: பயிற்சி முதல் அரண், ஏற்ற வண்டி இரண்டாவது, வேகம் மூன்றாவது, பிரேக் நான்காவது. எல்லாம் தவறினால் கடைசி அரண் தலைக்கவசம்.

அந்தக் கடைசி அரண் எப்படி வேலை செய்கிறது? இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலிருந்து விழும் தலை, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வெறுந்தலை 3 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டும் என்றால், தாக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 600 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்படலம் 25 மில்லிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால், அது 73 மடங்காகக் குறைகிறது. நசுங்குவதுதான் அதன் வேலை. ஒரு முறை நசுங்கியது மறுமுறை உதவாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். தாடையில் வார் மாட்டாத கவசம், விழும்போது தலைக்கு முன்னால் தரைக்குப் போய்விடும்.

யார் சொன்னது சரி?

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். நண்பன் சொன்ன வண்டி இப்போது வேண்டாம். தவறைத் திருத்த அது நேரம் தராது. அப்பா சொன்ன மொபெட் பழக எளிது, ஊருக்குள் போதும், ஆடிக்காற்றில் தினமும் வள்ளியூர் போய்வர எடை சற்றுக் குறைவு. அண்ணன் விரும்பும் 350 சி.சி. நல்ல வண்டிதான், ஆனால் அது இரண்டாவது வண்டி. இடையில் இருப்பது 110 முதல் 125 கிலோ எடையில், 100 முதல் 125 சி.சி. வரையிலான வண்டி, முன்புறம் டிஸ்க் பிரேக்கும், கிடைத்தால் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கட்டும். இரண்டு ஆடி மாதங்கள் அதில் கழியட்டும். பிறகு அண்ணன் புல்லட்டைப் பற்றிப் பேசினால் அப்பாவும் மறுக்க மாட்டார்.

உங்களுக்கும் ஒன்று. புதிய வண்டி வாசலுக்கு வந்ததும் சாவி எங்கே தொங்குகிறது என்று உங்கள் கண் தேடும். கியர் வண்டிக்கு உரிமம் 18 வயதில்தான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சட்டத்தை விட்டாலும், பனைமரக் கணக்கு யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

அதுவரை உங்களிடம் அளவுநாடாவும் கணக்கும் இருக்கின்றன. அண்ணன் கடைக்குப் போகும் நாளில் கூடவே போங்கள். விற்பவர் வேகத்தைச் சொல்லும்போது நிற்கும் தூரத்தைக் கேளுங்கள். ஆச்சி சொன்னது வண்டியின் பெயர் அல்ல. ஆனால் வண்டி வாங்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.